குப்புசாமி எங்கே போனார்?

"உன்னை என்ன பெத்தா எடுத்தோம்? தவிட்டுக்கு வாங்கினோம்." அண்ணனோ அக்காவோ இப்படிச் சொல்லி அழவைக்காத கடைக்குட்டி தமிழ்நாட்டில் அபூர்வம். இதற்கே இன்னொரு பாடமும் உண்டு: "குப்பைத் தொட்டியில கெடந்தே, பாவம்னு தூக்கிட்டு வந்தோம்." இன்று இரண்டும் வெறும் கேலி. ஆனால் தவிடும் குப்பையும் அந்தக் கேலிக்குள் சும்மா வந்து உட்காரவில்லை. பிறந்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, தவிடு கொடுத்து வாங்கும் வழக்கம் நிஜமாகவே இருந்தது. அப்படி வாங்கிய பிள்ளைக்கு வைத்த பெயர்தான் குப்பன், குப்பு, குப்பம்மாள். கொஞ்சம் மரியாதை சேர்த்தால் குப்புசாமி.

ஒரு வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்து தங்காமல் போனால், அதற்குப் பின் பிறக்கும் குழந்தைக்கு இதைச் செய்வார்கள். குழந்தையை முறத்தில் வைத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்க் கிடத்துவார்கள். சில ஊர்களில் லேசாகப் புரட்டியும் எடுப்பார்கள். போட்டவர்கள் எடுக்கக் கூடாது. மருத்துவச்சியோ பக்கத்து வீட்டுக்காரியோ அதைக் கண்டெடுத்த பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு வருவாள். பெற்றவள் அவளிடம் தவிடோ ஒற்றைக் காசோ கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். காலனிக் காலத்தில் தென்னிந்தியச் சாதி வழக்கங்களைத் தொகுத்தவர்களும் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் சில்லறை மாற்றங்கள் இருந்தாலும் போடுவது, வேற்றாள் எடுப்பது, மலிவாக வாங்குவது என்ற மூன்றும் மாறுவதில்லை.

இதற்குள் இரண்டு தனித்தனிக் கணக்குகள் ஓடுகின்றன. முதலாவது உரிமைக் கணக்கு. இந்தத் தாயின் வயிற்றுப் பிள்ளையைத்தான் யமனோ காத்துக் கருப்போ கொண்டுபோகிறது என்றால், இது அவள் பிள்ளையே இல்லை, குப்பையில் கிடந்தது, விலைக்கு வந்தது என்று கைமாற்றிவிட்டால் தேடி வருபவருக்கு முகவரி தப்பும். இரண்டாவது மதிப்புக் கணக்கு. கண்ணேறு அழகானதன் மேலும் அருமையானதன் மேலும்தான் விழும். மாட்டுக்குப் போடும் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை மேல் யார் கண் வைப்பார்கள்? விலை குறைவாக இருக்க வேண்டியதன் காரணம் அதுதான். பொன் கொடுத்து வாங்கினால் சடங்கே கெட்டுவிடும்.

சடங்கு ஒருநாள் கூத்து. பெயர் அப்படி இல்லை. "ஏலே குப்பு" என்று தினம் பத்துத் தடவை தெருவில் கூப்பிடும்போதெல்லாம் அந்தக் கைமாற்றம் ஊரறியப் புதுப்பிக்கப்படுகிறது. அதனால்தான் புரோகிதர் காதில் ஓதிய பெயர் வெங்கடேசனாகவே இருந்தாலும் வாயில் வழங்கியது குப்புவாகவே நின்றது. எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். பிச்சை என்பது இதே வகைப் பெயர்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

குப்பை என்றதும் நகராட்சியின் பிளாஸ்டிக் தொட்டியை நினைத்துக்கொண்டால் பெயர் பிடிபடாது. உழவு வீட்டின் குப்பைமேடு என்பது சாணம், அடுப்புச் சாம்பல், மாட்டுக் கொட்டகையில் மிஞ்சிய வைக்கோல் கூளம் எல்லாம் மக்கிக் கிடக்கும் எருக்குழி. கோடையில் அதை வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோவதற்கு இன்றும் 'குப்பை அடிப்பது' என்றுதான் பெயர். திருக்கார்த்திகையை ஒட்டி வரும் 'குப்பைக் கார்த்திகை' அன்று அந்த மேட்டிலும் ஓர் அகல் ஏற்றி வைப்பார்கள். பழைய தமிழில் குப்பை என்றால் குவியல் என்றே பொருள். சங்கப் பாட்டில் உப்புக் குவியலும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்து நகரத்தார் ஊரான நெற்குப்பை இந்தப் பொருளைத்தான் தாங்கி நிற்கிறது.

இதை வைத்துக்கொண்டு 'குப்புசாமி என்றால் செல்வக் குவியலின் தலைவன்' என்று சிலர் பெயருக்கு வெள்ளையடிக்கப் பார்க்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. சடங்கு நிற்பதே ஒன்றுக்கும் ஆகாதது என்ற நடிப்பின் மேல்தான். அதைப் பிடுங்கிவிட்டால் பெயருக்கு வேலையே இல்லை. குப்பம் என்ற ஊர்ப்பெயரோடும் குப்புறப் படுப்பதோடும் முடிச்சுப் போடுவதும் வீண் வேலை.

பெயரின் கிளைகளைப் பார்த்தால் வட்டாரம் தெரியும். கொங்கில் குப்பண்ணன், குப்பாத்தாள். மற்ற இடங்களில் குப்பாயி, குப்பம்மாள், குப்பாண்டி, குப்பையா. தெலுங்கு மராத்தி பேசும் குடும்பங்கள் தொட்ட இடத்தில் குப்புராஜ், குப்புராவ். குப்பண்ணன் என்ற வடிவத்தை இன்று பலரும் ஈரோட்டில் தொடங்கிய ஓர் அசைவ உணவகத்தின் பெயர்ப்பலகையில்தான் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு வைக்கக் கூச்சப்படும் பெயர் பிரியாணிக்குப் பொருந்திப் போகிறது. பழைய பெயர் என்றால் பழைய கைப்பக்குவம் என்று நாக்கு நம்புகிறது போலும்.

குப்புவுக்கு உடன்பிறப்புகள் நிறைய. பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள் ஒரு கிளை. நாலு வீட்டில் அரிசியும் பழந்துணியும் வாங்கி வந்து, அந்தத் துணியைப் பிள்ளைக்குப் போட்டு, இரந்து வளர்த்த பிள்ளை என்று காட்டுவது ஒரு வழி. சாமி போட்ட பிச்சை என்று நன்றி சொல்வது இன்னொரு வழி. பெயரைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இந்து, கிறித்தவர், முஸ்லிம் மூவரிடமும் பிச்சை உண்டு. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நிறையக் கேட்கும் பக்கிரிசாமி இன்னும் சுவாரசியமானது. நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற இந்துப் பிள்ளைகள் சுமந்த பெயர் அது. பக்கிரி என்ற அரபுச் சொல்லும் சாமியும் ஒரே பெயரில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

தெற்கே மதுரைப் பக்கம் போனால் மூக்கன், மூக்கையா, மூக்கம்மாள், மூக்காயி. தங்காத பிள்ளைக்கு மூக்குக் குத்தி ஒரு சிறு வளையம் போடுவது இதன் மூலம். உடம்பில் ஓர் ஊனம் உண்டாக்கிவிட்டால் பழுதுபட்டதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது ஒரு கணக்கு. ஆண்பிள்ளையைப் பெண்பிள்ளை என்று ஏமாற்றுவது மற்றொன்று. உசிலம்பட்டி பி. கே. மூக்கையா தேவரால் இந்தப் பெயர் அரசியல் வரலாற்றிலும் பதிந்துவிட்டது. வடக்கே நத்து, நாதுராம் என்று வழங்குவதும் மூக்குவளையப் பெயர்களே. மண்ணாங்கட்டியையும் இதே வரிசையில் வைக்கலாம்.

இந்த வரிசையில் சேர்க்கக் கூடாத பெயர்களும் உண்டு. போதும்பொண்ணு, வேண்டாம் என்பவை. பெண் மேல் பெண்ணாகப் பிறந்துவிட்டது, இனியாவது ஆண் பிறக்கட்டும் என்று வைத்தவை அவை. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் நகுசா என்ற பெயரோடு இருந்த பெண்பிள்ளைகளுக்கு 2011இல் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து வேறு பெயர் சூட்டியது. குப்பம்மாளையும் வேண்டாமையும் 'கேவலப் பெயர்கள்' என்று ஒரே கட்டாகக் கட்டி எழுதுகிற கட்டுரைகள் பெரிய பிழை செய்கின்றன. ஒன்று பிள்ளை போய்விடுமோ என்ற பயத்தில் வைத்தது. மற்றது பிள்ளை வந்துவிட்டதே என்ற சலிப்பில் வைத்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் வைத்தவர் மனம் நேர் எதிர்.

இது தமிழருக்கு மட்டும் உரிய சூழ்ச்சியும் இல்லை. தெலுங்கில் பெண்டய்யா, பெண்டம்மா, கன்னடத்தில் திப்பய்யா, திப்பேசுவாமி எல்லாம் சாணக்குவியலில் பிறந்த பெயர்கள்தான். வங்காளத்தில் விலையையே பெயராக வைத்துவிட்டார்கள்: தின்கரி, பாஞ்ச்கரி, சாத்கரி என்றால் மூன்று, ஐந்து, ஏழு சோழிக்கு வாங்கியவன். ரோமானியர் ஆண்ட எகிப்தின் பாப்பிரஸ் ஆவணங்களில் எருமேட்டைக் குறிக்கும் 'கொப்ரியா' என்ற கிரேக்கச் சொல்லை ஒட்டிய ஆட்பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன.

சரி, ஊரெல்லாம் இத்தனை குப்புசாமிகள் இருந்தார்களே, அத்தனை பேரையும் குப்பையில் போட்டா எடுத்தார்கள்? இல்லை. பேரன் என்பவன் தாத்தாவின் பெயரன். மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர் என்ற ஏற்பாட்டில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்திருந்தாலும் போதும். அந்தக் குழந்தைக்கு நாலு பையன்கள் என்றால் நாலு வீட்டிலும் ஒவ்வொரு குப்புசாமி. அவர்களுக்குச் சடங்கும் கிடையாது, முன்னால் தவறிய பிள்ளையும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே உங்கள் குடும்ப மரத்தில் ஒரு குப்புசாமியைப் பார்த்ததும் 'ஐயோ, அவருக்கு முன் குழந்தைகள் இறந்திருக்கின்றன' என்று எழுதிவிடாதீர்கள். முதல் குப்புசாமி யார் என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வேறு. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. மாமனார் குப்புசாமி, மகனும் குப்புசாமி என்றால் அவள் மகனை எப்படிக் கூப்பிடுவாள்? பெரியவனே, ராசா, தம்பி என்று ஏதாவது. அந்த அழைப்புப் பெயரே நிலைத்து, பள்ளியில் சேர்க்கும்போது ராசு என்றோ தம்பிதுரை என்றோ பதிவாகிவிட்ட குடும்பங்கள் உண்டு. ஒரே ஆளுக்குக் கோயில் பத்திரிகையில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் இருந்தால் முதலில் இந்தக் கோணத்தில் பாருங்கள்.

பிள்ளைச் சாவு சாதி பார்க்காததால் பெயரும் எல்லாச் சாதிகளிலும் கிடைக்கிறது. தியாகராஜரின் சீடர், வர்ணங்கள் இயற்றிய வீணை குப்பையர் (1798–1860) ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியின் சமஸ்கிருதப் பேராசிரியர் எஸ். குப்புசாமி சாஸ்திரி (1880–1943) ஒருவர். அவர் பெயரில்தான் மயிலாப்பூரில் ஆய்வு நிறுவனம் நடக்கிறது. கோவையில் லட்சுமி மில்லைத் தொடங்கிய ஜி. குப்புசாமி நாயுடு பெயரை இன்று அந்த ஊர் ஒரு மருத்துவமனையின் பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெயர் பொதுவாக இருந்ததே ஒழிய விகுதி பொதுவாக இல்லை. நிலம் உள்ளவர் குப்புசாமி. அவர் நிலத்தில் உழுதவர் குப்பன். கூலிக்காரன் சாமி போட்டுக்கொள்வதை ஊர் விடாது. 'குப்பன் சுப்பன்' என்று ஏனோதானோ ஆட்களைக் குறிக்கும் சொல்வழக்கில் குப்புசாமி சுப்பிரமணியம் என்று யாரும் சொல்வதில்லை, கவனித்திருப்பீர்கள்.

இதற்குப் பதிலடி போல ஒன்று நடந்தது. மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த பி. குப்புசாமி 1976இல் நகர்ப்புறக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார். குடும்பத் தலைவரின் கல்விக்கு 7 மதிப்பெண் வரை, தொழிலுக்கு 10 வரை, குடும்ப மாத வருமானத்துக்கு 12 வரை, மொத்தம் 29. 26 முதல் 29 வரை என்றால் மேல்தட்டு, 5க்குக் கீழே என்றால் அடித்தட்டு. வருமான எல்லைகளை மட்டும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப அவ்வப்போது திருத்திக்கொள்கிறார்கள். இந்திய மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளில் இன்றும் 'குப்புசாமி ஸ்கேல்' இருக்கும். குப்பைமேட்டிலிருந்து வந்த பெயர் யார் எந்தத் தட்டு என்று அளந்து சொல்கிறது!

பெயர் ஏன் விழுந்தது என்றால் பலரும் சட்டென்று சொல்லும் பதில், இப்போது குழந்தைகள் சாவதில்லை என்பது. பாதி உண்மை. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் தமிழ்நாட்டின் கணக்கு ஆயிரத்துக்கு 13. சடங்கின் தேவை போய்விட்டது, சரிதான். ஆனால் வாக்காளர் பட்டியலை விரித்து வயதோடு சேர்த்துப் படித்தால் காலம் ஒத்துவராது. பெயர் வரியில் வரும் குப்புசாமிகள் பெரும்பாலும் முதியவர்கள். நடுவயதுக்காரர்களிடம் அது தந்தை பெயர் வரிக்கு நகர்ந்திருக்கும். அதாவது 1960களிலும் 70களிலும், பிள்ளைச் சாவு இன்னும் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டி இருந்தபோதே, பெற்றோர் இந்தப் பெயரைக் கைவிடத் தொடங்கிவிட்டார்கள்.

கைவிட வைத்தது பள்ளிக்கூடம் என்பது என் கணிப்பு. காமராசர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளி திறந்து மதியச் சோறும் போட்டபோது, வருகைப் பதிவேட்டில் வாத்தியார் உரக்க வாசிக்கும் சடங்கு எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் வந்தது. வீட்டில் காவலாக இருந்த பெயர் வகுப்பில் சிரிப்புக்கு ஆளானது. அதே நேரத்தில் மேடையில் வேறொரு காற்று அடித்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பெயர் என்பது பிள்ளையை ஒளித்து வைக்க, என்ற நினைப்பு போய், பிள்ளையைத் தூக்கிக் காட்ட, என்ற நினைப்பு வந்தது. தனித்தமிழ்க் கணக்கில் பார்த்தால் குப்புசாமியில் கழற்ற வேண்டியது வடமொழிச் 'சாமி'யைத்தான். குப்பை அசல் தமிழ். ஆனால் குப்பையை வைத்துக்கொண்டு சாமியை விட்டவரைக் கேள்விப்பட்டதில்லை. அதற்குப் பின் சுரேஷ், ரமேஷ் அலை. அதற்கும் பின் எண்கணிதம். எண்கணிதக்காரர் எத்தனை எழுத்துச் சேர்த்தாலும் குப்புவுக்கு மீட்சி இல்லை.

தமிழ்நாட்டில் இது இவ்வளவு வேகமாக மறைவதற்கு முதலெழுத்து முறையும் காரணம். குப்புசாமியின் மகன் கே. ராஜேந்திரன். பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. ராஜேந்திரனின் மகன் ஆர். விக்னேஷ். அந்த ஓர் எழுத்தும் போயிற்று. முன்பெல்லாம் ராஜேந்திரனின் மகனுக்கே தாத்தா பெயர் திரும்பி வந்து இடத்தை நிரப்பும். இப்போது அது வருவதில்லை. குடும்பப் பெயர் இல்லாத ஊரில் ஒரு பெயர் இரண்டே தலைமுறையில் தடமில்லாமல் போய்விடலாம்.

கடல் தாண்டியவர்களிடம் நடந்தது இதற்கு நேர்மாறு. மொரீசியசுக்கு 1830கள் முதலும், 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனார்கள். அங்கே பதிவேட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எழுத்தர் தந்தை பெயரை அதில் போட்டார். அது அப்படியே உறைந்தது. மொரீசியசில் கூப்பூசாமி, கூப்பென் என்று பிரெஞ்சு வாடையோடு உச்சரிக்கப்படும் குடும்பப் பெயர்கள் நம் குப்புசாமியும் குப்பனும்தான். முன்னால் இருக்கும் பெயர் பிரெஞ்சாக இருந்தாலும் பின்னால் குப்பைமேடு பத்திரமாக இருக்கிறது.

முன்னோரைத் தேடுபவர்கள் எழுத்துக்கூட்டலில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஆங்கிலப் பதிவில் முதல் எழுத்து 'கே'யாகவும் இருக்கும், 'சி'யாகவும் இருக்கும். அடுத்த உயிர் ஒற்றை 'யு' அல்லது இரட்டை 'ஓ'. நடுவில் 'பி' ஒன்றோ இரண்டோ. கடைசியில் சாமி, சுவாமி, சாவ்மி என்று எதுவும் வரலாம். தேடல் பெட்டியில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்து 'இல்லை' என்று மூடிவிடக் கூடாது. கூட்டல்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். குப்புசாமி என்று ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்பதால் பெயர் மட்டும் கிடைத்துப் பயனில்லை. நேட்டால் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கும், அவற்றில் குறைந்தது மூன்று விவரங்களாவது ஒத்துப்போக வேண்டும். மொரீசியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். குப்பம்மாள் முதலெழுத்தாகவும் மாறவில்லை, குடும்பப் பெயராகவும் உறையவில்லை. பிறப்புப் பதிவிலும் பழைய காலத்தில் குழந்தை பெயர் இல்லாமல் 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெயரைப் பின்னால் சேர்க்க வேண்டும், பலர் சேர்ப்பதில்லை. இப்போதைய விதிப்படி 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாய் பெயர் இடத்தில் அவள் கிடைக்கலாம். அதைவிட நல்ல இடம் நிலப் பத்திரம். கணவன் இறந்த பின் விதவையும் பிள்ளைகளும் சேர்ந்து எழுதிக் கொடுத்த கிரயம், அண்ணன் தம்பிகளுக்கு அக்கா எழுதிய விடுதலைப் பத்திரம், இவற்றில் 'இன்னார் மனைவி குப்பம்மாள்' என்று கணவன் பெயர், ஊர், வயதோடு எழுதிக் கீழே கைநாட்டும் இருக்கும். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறையில் வில்லங்கம் போட்டுப் பத்திர எண்ணை எடுத்து, நகல் வாங்கிக்கொள்ளலாம்.